கமலாவின் நான்கு வரிக்கு வாங்கிய தடை

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று செயலாளர் போன் செய்தார். ராங் நம்பர் என்று நினைத்து வைத்துவிட்டேன். மறுபடி அடித்தார்.

"சார், நம்ம ஊர்ல பதிப்புரிமை கேஸ் நடத்தி ஜெயிச்சவர் நீங்க ஒருத்தர்தான்."

"நடத்துனதே ஒரு கேஸ்தான்யா."

"அதனாலதான் சார் கேக்கறோம். நூத்துக்கு நூறு ரெக்கார்டு உங்களுது."

சங்கத்துப் பிள்ளைகளின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கல்யாண வீடியோவில் பாட்டுப் போட்டதற்கு நோட்டீஸ் வருகிறது. சமையல் சேனல் நடத்தும் ஒரு அம்மா எழுதி வைத்த வத்தக்குழம்புக் குறிப்பை இன்னொரு அம்மா வரிக்கு வரி படித்துவிட்டார் என்று சண்டை வருகிறது. அப்படி வருகிற கட்சிக்காரர் யாரும் சென்னைக்குப் போய் அதற்கென்றே இருக்கும் வக்கீலைத் தேடுவதில்லை. தெருமுனையில் ஜீவனாம்ச கேஸ் நடத்துகிறவரிடம்தான் வந்து நிற்கிறார். அந்த வக்கீலுக்குத்தான் இது. சட்டம் வேண்டுமானால் புத்தகம் வாங்கிப் படியுங்கள். அதில் எத்தனை விதமாகச் சறுக்கி விழலாம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அனைத்திலும் விழுந்து எழுந்தவன்.

நான் நிலத்து வக்கீல். தாமல் ஏரித் தண்ணீரை யார் முதலில் திருப்புவது, முசரவாக்கத்தில் வரப்பை நகர்த்தியது அண்ணனா தம்பியா, ஓரிக்கையில் பாகம் பிரித்தபோது விட்டுப்போன தென்னை மரம் யாருக்கு என்று முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சீனியர் வரதராஜன். ஜூனியராக இருந்த ஆறு வருஷத்தை ஒரே வரியில் சொல்லலாம்: பிராது எழுதினேன், திட்டு வாங்கினேன். அவர் பிராதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். கடைசிப் பக்கத்தில்தான் சொத்து விவரம் இருக்கும். வடக்கே யார் நிலம், தெற்கே யார் வீடு என்று நான்கு எல்லை இருக்கும். சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தைத் தட்டி, "வடக்கே யாரு?" என்பார். பதில் சொல்லத் தடுமாறினால் முதல் பக்கத்தைத் திருப்பவே மாட்டார். கட்டு பறந்து வந்து நம் மடியில் விழும்.

இது கோர்ட்டோடு நிற்கவில்லை. எனக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்திருக்கிறார்கள் என்று சொல்லப் போனேன். எந்த ஊர் என்று கேட்டார், எந்தத் தெரு என்று கேட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்கு வடக்கே யாரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "விசாரிச்சுட்டு கட்டுப்பா" என்றார். விசாரித்துவிட்டுத்தான் கட்டினேன். எல்லை சொல்ல முடியாத சொத்து சொத்தே இல்லை என்பது அவர் கட்சி. அவர் காலமான பிறகும் நான் அதே கட்சியில்தான் இருந்தேன், ஏகாம்பரம் என் ஆபீசுக்குள் வருகிற வரைக்கும்.

ஏகாம்பரம் பட்டு நெசவாளர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பெரிய சுருளோடு வந்தார். பாகப்பிரிவினை வரைபடம் போலிருக்கிறது என்று சந்தோஷமாக மேஜையைத் துடைத்தேன். விரித்தால் எல்லாம் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். சுவரிலிருந்து தண்ணீர் தெளித்துப் பிய்த்தவை. சுண்ணாம்பும் பழைய சினிமாப் போஸ்டரும் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. மொத்தம் ஐந்து பேர் செத்திருந்தார்கள்.

"சார், இதெல்லாம் என் பொண்டாட்டி" என்றார்.

நான் பார்த்தேன். மீசை வைத்த ஒரு கவுன்சிலர், ஒரு பரோட்டா மாஸ்டர், ஒரு தலைமையாசிரியர், ஒரு லாரி ஓனர். கடைசியாக ஒரு பெண்மணி.

"இதுல யாருப்பா உன் சம்சாரம்?"

"கடைசியில இருக்குதே, அதான் கமலா. மத்தவங்கள்லாம் யாரோ. ஆனா எழுதியிருக்கறது பூரா என் கமலாவுக்கு நான் எழுதினது சார்."

விஷயம் இதுதான். யார் செத்தாலும் எங்கள் ஊரில் போஸ்டர் அடிப்பார்கள். படத்துக்குக் கீழே நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை அச்சகக்காரரே தன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவார். ஏகாம்பரம் மட்டும் தானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் கோத்து நெய்ய வேண்டும். அதற்குத் தறியில் ஒருவர் போதாது. ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஊடு நூலோடு வருகிற நாடாவை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். ஏகாம்பரத்துக்கு இருபத்தெட்டு வருஷம் அந்த ஓரத்தில் உட்கார்ந்தவர் கமலா. பிள்ளைகள் கிடையாது. தறியில் பாதிப் புடவை நிற்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். ஏகாம்பரம் எழுதியது:

ஒத்தப் பக்கம் நான் எறிஞ்ச நாடாவ
மறுபக்கம் வாங்கிப் போட்டவளே கமலா
பாதிப் புடவையில எழுந்து போயிட்ட
மீதிப் புடவைக்கு யார்கிட்ட எறிவேன்

அச்சகக்காரர் கேசவுலுவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அதுதான் சனியன். அடுத்து யார் செத்தாலும் அவர் இதையே எடுத்துப் போட ஆரம்பித்தார். ஆளுக்குத் தக்கபடி சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டார். பதவிக்காலம் முடிவதற்குள் செத்த கவுன்சிலருக்கு, 'பாதிப் பதவியில எழுந்து போயிட்ட, மீதிப் பதவிக்கு யார்கிட்ட எறிவேன்' என்று போட்டார். அந்தப் பதவிக்குக் கண் வைத்திருந்த இரண்டு கோஷ்டிகளும் இது தங்களைத்தான் குத்துகிறது என்று அச்சகத்துக்கு வந்து சத்தம் போட்டன. பரோட்டா மாஸ்டருக்கு, 'பாதிப் பரோட்டாவில எழுந்து போயிட்ட.' லாரி ஓனருக்கு நாடாவுக்குப் பதில் ஸ்டெப்னி.

நான் சிரித்துவிட்டேன். வயசானவன், பொறுமையில்லாதவன், அடக்க முடியவில்லை. ஏகாம்பரம் கோபித்துக்கொள்ளவில்லை.

"சிரிங்க சார். ஊரே சிரிக்கிது. காலையில டீ குடிக்கப் போனா, 'மீதிப் பரோட்டாவ எங்க எறிஞ்ச'ன்னு கேக்கறானுங்க. இப்ப என் வீட்டுச் சுவத்துலயே கொண்டாந்து ஒட்டிட்டுப் போயிருக்கானுங்க, லாரிக்காரர்து. ஊர்ல எவன் செத்தாலும் என் கமலா மறுபடி ஒருவாட்டி சாவுறா சார். எத்தினி வாட்டி நான் அழறது? இத நிறுத்தணும். வேற ஒண்ணும் வாணாம்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் என் வாய் பழக்கதோஷத்தில், "மூலப் பத்திரம் இருக்குதா?" என்று கேட்டது. நிலம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். கேட்ட பிறகு என் மடத்தனம் எனக்கே உறைத்தது. ஏகாம்பரம் ஒன்றும் யோசிக்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். ஜரிகை வாங்கிய சீட்டு. பின்பக்கத்தில் பென்சிலில் அந்த நாலு வரி, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தது. முன்பக்கத்தில் தேதி, கமலா போனதற்கு முந்தின நாள். அசல் கையெழுத்துப் பிரதி, தேதியோடு. பதிப்புரிமை வழக்கில் இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இளைஞர்களே, மூலப் பத்திரம் கேளுங்கள். எதற்கு வேண்டுமானாலும் கேளுங்கள்.

அன்று ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டத்தைப் படித்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு பக்கம் படித்தேன். பதிவு செய்யாவிட்டாலும் எழுதிய கணமே உரிமை வந்துவிடும் என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிவு இல்லாமல் சொத்தா? சட்டம் எழுதியவர்கள் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கமே போனதில்லை போலிருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிட்டு, எனக்குத் தெரிந்தபடி பிராது எழுதினேன். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் எழுத வேண்டுமே. சீனியரின் படம் சுவரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுதினேன்:

'காஞ்சிபுரம் நகரில் பற்பல சுவர்களில் ஒட்டப்பட்ட போஸ்டரில், வடக்கில் காலமானவரின் புகைப்படத்துக்கும், தெற்கில் துயரத்தில் வாடும் குடும்பத்தார் பெயர்களுக்கும், கிழக்கிலும் மேற்கிலும் கறுப்புக் கோட்டுக்கும் உட்பட்ட, சகல பாத்தியங்களுடன் கூடிய கவிதை நான்கு வரி.'

முன்சீப் கோர்ட்டில் தாக்கல் செய்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தது. எல்லை தப்பு என்று அல்ல. பதிப்புரிமை வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே எங்கும் போடவே முடியாதாம். அறுபத்திரண்டாம் பிரிவு. நான் படிக்காமல் மூடிய பக்கத்தில் இருந்தது. அதே பிரிவில் இன்னொரு நல்லதும் இருந்தது: வழக்குப் போடுகிறவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், எதிரி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். எதிரி அடுத்த தெருவில் இருந்ததால் எங்களுக்கு அதில் லாபமில்லை. உங்களுக்கு இருக்கலாம்.

மாவட்ட நீதிபதி ஒரு அம்மையார். குரலை உயர்த்தவே மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தி, சொத்து விவரத்தைத் திறந்த கோர்ட்டில் வாய்விட்டுப் படித்தார். கறுப்புக் கோடு வரைக்கும் முழுசாகப் படித்தார். பெஞ்ச் கிளார்க் மேஜைக்கு அடியில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"வக்கீல் சார், இந்தச் சொத்து நஞ்சையா புஞ்சையா?"

"மேடம், வந்து..."

"மாத்தி எழுதிக் குடுங்க. எது படைப்பு, யார் ஆசிரியர், எந்தச் செயலால மீறல். அது போதும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலும் நிலத்து வக்கீல்தான், என்னைவிடச் சீனியர். அவர் எதிர்வழக்குரையில், எல்லைகள் தவறு, தெற்கே இருப்பது குடும்பத்தார் பெயர் அல்ல, அச்சகத்தின் செல்போன் நம்பர் என்று முதல் மறுப்பைப் போட்டிருந்தார். மேலும், மேற்படி கவிதையைப் பிரதிவாதி ஊரறிய, தடையில்லாமல் அனுபவித்து வருவதால் எதிரிடை அனுபவ பாத்தியம் ஏற்பட்டுவிட்டது என்றார். அடுத்தவர் நிலம் அப்படிச் சொந்தமாகப் பன்னிரண்டு வருஷம் அனுபவித்திருக்க வேண்டும் என்று நான் எழுந்தேன். நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று முக்கால் மணி நேரம் வாதாடினோம். மிகவும் நன்றாக வாதாடினோம் என்றுதான் சொல்வேன். நீதிபதி தண்ணீர் குடித்துவிட்டு, "கவிதையில யாரும் குடிசை போட்டு உக்கார முடியாது. உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார்.

விசாரணை வந்தது. ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார். அவர் கவிஞரே இல்லை, ஆகவே அது கவிதையே இல்லை என்று நிரூபிக்க எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார்.

"நீங்க கவிஞரா?"

"இல்லீங்க. நெசவு."

"இதுக்கு முன்னால எத்தனை கவிதை எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"இதுக்கு அப்புறம்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப இத மட்டும் எப்படி எழுதினீங்க?"

ஏகாம்பரம் அவர் பக்கம் திரும்பினார். "பொண்டாட்டி செத்தது ஒருவாட்டிதானுங்களே" என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதற்குமேல் கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன். இந்த இடத்தில் சட்டம் ஏகாம்பரத்தின் பக்கம். எழுதியவர் கவிஞரா, எழுதியது உயர்ந்த கவிதையா என்று அது பார்ப்பதில்லை. எங்கிருந்தும் எடுக்காமல் தன் புத்தியைச் செலவழித்து எழுதினாரா என்றுதான் பார்க்கும்.

அடுத்து கேசவுலு ஏறினார். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் மூஞ்சி வாடுகிறவர் அவர்தான். வியாபாரத்துக்காகவும் வாடும், நிஜமாகவும் வாடும்.

"அவர் குடுத்தது துண்டுச் சீட்டு, மேடம். அத வரிசைப்படுத்தி, நல்ல எழுத்து போட்டு, ஓரத்துல ரோஜாப்பூ வெச்சு, பாக்கறவங்களுக்கு அழுகை வர மாதிரி பண்ணது நானு. கம்ப்யூட்டர் என்னுது, கரண்டு என்னுது. அப்ப அதுவும் என்னுதுதானே? அதுவுமில்லாம, செத்தவங்களுக்கு அழறதுக்குமா ஒருத்தர்கிட்ட பர்மிஷன் கேப்பாங்க? தேவுடா!"

"அழறதுக்குக் கேக்க வேணாம்" என்றார் நீதிபதி. "துக்கம் எல்லாருக்கும் பொது. பாதியில போயிட்டாங்கன்னு யார் வேணா எழுதலாம். இவர் எழுதின இந்த வார்த்தைங்கதான் இவருது. ரோஜாப்பூ உங்களுது, நீங்க எடுத்துக்கலாம்."

சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம் இது. கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. வடிவமைத்தவர் எழுதியவர் ஆகிவிட மாட்டார். எழுதியவர் எழுத்துமூலம் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்காத வரைக்கும் உரிமை அவரிடமே இருக்கும். மூன்றும் அந்த ஒரு ரோஜாப்பூவில் வந்துவிட்டது. நான் குறித்துக்கொண்டேன்.

ஆனால் கேசவுலு இன்னொன்றும் சொன்னார். அந்த நாலு வரியும் பல வருஷமாகத் தன் கம்ப்யூட்டரில் இருப்பதுதான், ஏகாம்பரமே தன் கடைப் போஸ்டரைப் பார்த்துத்தான் சீட்டில் எழுதிக்கொண்டார் என்று ஒரே போடாகப் போட்டார். அது அவர் வக்கீல் சொல்லிக் கொடுத்தது. சீட்டில் தேதி இருந்ததே தவிர, கவிதை என்றைக்கு எழுதப்பட்டது என்று அதில் இல்லை. ஏகாம்பரம் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "சாமி சத்தியமா நானு எழுதினது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டில் கட்டை மறுபடி பிரித்து வைத்துக்கொண்டேன். தோற்றுவிட்டால் இந்த மனுஷன் எழுதியது கேசவுலுவின் சரக்கு என்று கோர்ட்டே முத்திரை குத்திக் கொடுத்துவிடும். சிரித்துக்கொண்டே ஆரம்பித்த கேஸ், இப்போது பயமாக இருந்தது.

அந்த வாரம்தான் சரோஜா அம்மாள் என் ஆபீசுக்கு வந்தார். போஸ்டரில் இருந்த தலைமையாசிரியரின் மனைவி; கோர்ட்டில் கமலா என்ற பேர் அடிபடுவதைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். கும்பிடுகூடப் போடவில்லை.

"கமலா அட்ரஸ் வேணும்."

"எந்த கமலாம்மா?"

அவர் கையிலும் அதே போஸ்டர். எங்களிடம் இருந்த பிரதியில் அந்த இடம் சுவரோடு கிழிந்து போயிருந்தது. அவருடையது ஒட்டாத புதுப் பிரதி. தலைமையாசிரியர் போன அன்று கேசவுலு அவசரத்தில் எதையுமே மாற்றாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி போட்ட தலைமையாசிரியர் படத்துக்குக் கீழே, 'மறுபக்கம் வாங்கிப் போட்டவளே கமலா' என்று பளிச்சென்று இருந்தது.

"பதினோராம் நாள்லேர்ந்து கேட்டுக்கினு இருக்கேன் சார், யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. என் தம்பி தலைய குனிஞ்சிக்கினு போறான். நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். ஸ்கூல்ல அந்தப் பேர்ல டீச்சர் யாரும் இல்ல, நானே போய் ரிஜிஸ்டர் பார்த்துட்டேன். அவரு எப்ப நாடா எறிஞ்சாரு? யாரு சார் அந்த கமலா?"

நான் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், சீட்டையும் காட்டினேன். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க வந்து சொல்லணும்?" என்றார்.

இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்பியடித்தவன் சரியாக அடித்த இடத்தில் ஒன்றும் பிடிபடாது. தப்பாக அடித்த இடத்தில்தான் மாட்டுவான். பல வருஷமாகக் கம்ப்யூட்டரில் கிடந்த பொதுச் சரக்கு என்றால், தலைமையாசிரியர் போஸ்டருக்குள் ஏகாம்பரத்தின் மனைவி பெயர் எப்படி வந்தது? சரோஜா அம்மாள் கூண்டில் ஏறி, தன் கணவருக்குக் கமலா என்று யாரையும் தெரியாது என்று சத்தியம் செய்தார். தெரியாது என்று மூன்று முறை சொன்னார்; நீதிபதி கேட்டது ஒரு முறைதான்.

நீதிபதி ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு அச்சகக் கம்ப்யூட்டரைப் பார்த்து வரச் சொன்னார். அவர் அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. 'அழுகை' என்று ஒரு கோப்புறை. உள்ளே 'அப்பா அழுகை', 'அம்மா அழுகை', 'கட்சி அழுகை', 'வாலிப அழுகை' என்று தனித்தனியாக வைத்திருந்தாராம். எல்லாம் பழையவை. கடைசியாக ஒன்று மட்டும், கமலா போன மறுநாள் சேர்த்தது: 'நெசவு அழுகை, சூப்பர், எல்லாருக்கும் போடலாம்.'

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இரண்டு வருஷம் ஆனது. எங்கள் ஊரில் அது அசுர வேகம். பரோட்டாவும் ஸ்டெப்னியும் சேர்த்ததைத் தனியாகச் சொல்லி, எழுதியவருடைய பெயர் கெடும்படி அவர் எழுத்தைச் சிதைக்க யாருக்கும் உரிமையில்லை, உரிமையை விற்றுவிட்டிருந்தாலும்கூட இல்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். அது ஐம்பத்தேழாம் பிரிவு. தீர்ப்பில் 'பாதிப் பரோட்டா' என்ற வரியை அவர் படித்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ ஏக்கர் ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன், யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

இதோடு முடித்துவிட்டால் எனக்கு மரியாதை. ஆனால் உண்மை மிச்சம் இருக்கிறது.

அடுத்த மாதம் கமலாவின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள். ஏகாம்பரம் மறுபடி அந்த நாலு வரியோடு போஸ்டர் அடிக்க ஆசைப்பட்டார். கேசவுலுவிடம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போனார். சீட்டைப் பார்த்ததும் அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். தீர்ப்பு நகலைப் படம் எடுத்து அச்சகக்காரர்கள் எல்லோரும் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'கமலா கவிதை, கோர்ட் ஆர்டர், தொடாதீங்க' என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியும் வைத்திருந்தார்கள். நான்கு அச்சகம் ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஊருக்குத் தடை வாங்குங்கன்னா, எனக்கே தடை வாங்கிக் குடுத்துட்டீங்களே சார்."

நான் தீர்ப்பாணையை எடுத்துப் பார்த்தேன். நிலத்து வக்கீல் புத்தி. வேலி போட்டால் கோழிகூட நுழையக் கூடாது என்று போடுவோம். 'பிரதிவாதியோ அவரைச் சார்ந்தவரோ மேற்படி கவிதையை எவர் பொருட்டும், எக்காலத்தும், எவ்வகையிலும் அச்சிடக் கூடாது' என்று கேட்டிருந்தேன். 'வாதியின் எழுத்துமூலமான அனுமதியின்றி' என்று மூன்றே சொல் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. நீதிபதியும் நான் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருந்தார். அது கட்டுப்படுத்துவது கேசவுலுவை மட்டும்தான் என்றாலும், 'எவர் பொருட்டும்' என்பதைப் பார்த்து ஊர் அச்சகமெல்லாம் பயந்துவிட்டது. கவிதைக்குச் சொந்தக்காரரை வெளியே நிறுத்தி வாசலைப் பூட்டியிருந்தேன். வக்கீல் தொழிலில் எனக்கு இதைவிட அவமானமான நாள் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்கள், "பரவால்ல சார், உங்களுக்கும் புதுசுதானே" என்றார்.

தீர்ப்பாணையில் அந்தச் சொற்களைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டேன். நீதிபதி என்னைப் பார்த்து, "இப்ப வாசல் வெச்சாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் ஊரில் எந்த அச்சகமும் நம்பவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார்கள். கடைசியில் கேசவுலுவே சொல்லியனுப்பினார், அனுமதிப் பத்திரம் வந்தால் தானே அடித்துத் தருவதாக.

ஆகவே என் ஆபீசில் உட்கார்ந்து பத்திரம் எழுதினோம். கமலாவுக்கு மட்டும், வேறு எவர் பெயருக்கும் இல்லை, ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்று ஏகாம்பரம் சொல்லச் சொல்ல எழுதினேன். உரிமையின் காலம் என்று ஒரு இடம் வந்தது.

"அதுல இன்னா சார் போடறது?"

"எழுதினவர் உயிரோட இருக்கற வரைக்கும். செத்த பிறவு, அடுத்த ஜனவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து இன்னும் அறுபது வருஷம்."

அவர் நிமிர்ந்தார். "நான் செத்த பிறவுமா?"

"ஆமா."

"நானும் இல்ல, அவளும் இல்ல. அப்பவும் இன்னொருத்தன் எடுத்துப் போடக் கூடாது?"

"கூடாது."

"அறுபது வருஷம் ஆன பிறவு?"

சொல்லத் தயங்கினேன். இந்த மனுஷன் இதற்காகத்தானே கோர்ட்டு ஏறினார். "அப்புறம் ஊருக்குப் பொதுப்பா. யார் வேணா, யாருக்கு வேணா போட்டுக்கலாம். தடுக்க முடியாது."

ஏகாம்பரம் விரலை மடக்கினார். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"போட்டுக்கட்டும் சார்" என்றார். "அப்ப கமலா யாருன்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. பேர மாத்தாமயே போட்டுக்கட்டும். எவனுக்குப் பொண்டாட்டி செத்தாலும் அவதான் அவனுக்குக் கமலா."

பேனாவை வாங்கி, மூன்று இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மை காயட்டும் என்று பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே அச்சகத்துக்கு நடந்து போனார்.